நாய்க்குட்டி சோர்ந்து கிடக்கிறதா? ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று விட்டுவிடாதீர்கள்!

கால்நடை கேள்வி – பதில்

“தோட்டக் காவலுக்காக இரண்டு மாத வயதுள்ள சிப்பிப்பாறைக் குட்டி வாங்கியிருக்கிறோம். நேற்று மாலை ஒரு முறை வாந்தி எடுத்தது. இரவு சாப்பாட்டைத் தொடவில்லை. இன்று காலையில் கொஞ்சம் பால் மட்டும் குடித்தது. கால்நடை மருந்தகம் 12 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. எந்த அறிகுறிக்கு உடனே ஓட வேண்டும்? எதற்குக் காத்திருக்கலாம்?”
– வாசகர், விருதுநகர் மாவட்டம்.

கறவை மாடு ஒரு வேளை தீவனம் எடுக்கவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவருக்குப் போன் போகிறது. நாய்க்குட்டி சுருண்டு படுத்தால், “எதையாவது தின்றிருக்கும், தானாகச் சரியாகிவிடும்” என்று விட்டுவிடுகிறோம். உண்மையில் காத்திருக்கும் சக்தி மாட்டுக்குத்தான் உண்டு, குட்டிக்குக் கிடையாது. இரண்டு மாதக் குட்டியின் எடை மூன்று, நான்கு கிலோதான் இருக்கும். அதன் உடம்பில் நீர்ச்சத்தும் சர்க்கரைச் சத்தும் சேமிப்பாக அதிகம் இருக்காது. நாலைந்து முறை வாந்தியும் பேதியும் போனாலே நீர் வற்றி, உடல் குளிர்ந்து, மயக்க நிலைக்குப் போய்விடும். காலையில் ‘கொஞ்சம் டல்லாக’ இருந்த குட்டி, இரவில் கண் திறக்காமல் கிடப்பது இதனால்தான்.

எனவே, ‘என்ன நோய்’ என்று கண்டுபிடிக்கும் வேலை வளர்ப்பவருக்கு வேண்டாம். அது மருத்துவரின் வேலை. ‘எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்’ என்பதை மட்டும் முடிவு செய்தால் போதும். அதற்கு மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, வயது. நான்கு மாதத்துக்கு உட்பட்ட குட்டி என்றால், சாதாரணமாகத் தெரியும் தொந்தரவுக்கும் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது. வளர்ந்த நாய் ஒரு நாள் சாப்பிடாமல் தாக்குப்பிடிக்கும். குட்டி தாங்காது.

இரண்டாவது, சுறுசுறுப்பு. ஒரு முறை வாந்தி எடுத்துவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு விளையாடும் குட்டி வேறு. வாந்தியே எடுக்காமல், கூப்பிட்டால் தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும் குட்டி வேறு. இந்த இரண்டில் கவலைப்பட வேண்டியது இரண்டாவது குட்டிக்குத்தான்.

மூன்றாவது, ஈறு. மேல் உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். அதற்கு மேல் நேரம் எடுத்தாலோ, ஈறு வெளிறி, காய்ந்து, பிசுபிசுவென்று இருந்தாலோ உடனே கிளம்ப வேண்டும். சில குட்டிகளுக்கு ஈறே கருப்பாக இருக்கும். அப்போது ஆட்டுக்குப் பார்ப்பது போல, கீழ் இமையை இழுத்து உள்பக்க நிறத்தைப் பார்க்கலாம்.

கையில் தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. முனையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருப்பது இயல்பு. 103.5-ஐத் தாண்டினால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். 105-ஐத் தொட்டாலும், 99-க்குக் கீழே இறங்கினாலும் அவசரம். காய்ச்சலைவிட உடம்பு குளிர்ந்துபோவது சில நேரம் ஆபத்தானது. ‘காய்ச்சல் இறங்கிவிட்டது’ என்று நினைத்து ஏமாந்துவிடக் கூடாது.

உடனே கிளம்ப வேண்டியவை

மூச்சுத் திணறல், வலிப்பு, எழுந்து நிற்க முடியாத நிலை, வெள்ளையாகவோ நீலமாகவோ மாறிய ஈறு. சில மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் வாந்தி, குடித்த தண்ணீரும் தங்காமல் வெளியே வருவது. வாந்தியிலோ மலத்திலோ ரத்தம், தார் போன்ற கருப்பு மலம். வயிறு உப்பி, வாந்தி வராமல் குமட்டிக்கொண்டே இருப்பது. சிறுநீர் கழிக்க முக்கியும் வராமல் இருப்பது. வாகனத்தில் அடிபட்டது, உயரத்திலிருந்து விழுந்தது. இவற்றில் குட்டி எழுந்து நடந்தாலும் உள்ளே ரத்தக் கசிவு இருக்கலாம். பாம்புக்கடி, எலி மருந்து, பூச்சிக்கொல்லி, மருந்து கலந்த விதை தின்றதாகச் சந்தேகம்.

விவசாய வீடுகளில் கடைசியில் சொன்னதை அதிகம் கவனிக்க வேண்டும். பூச்சிக்கொல்லி உள்ளே போனால் எச்சில் ஒழுகும், உடம்பு நடுங்கும், கண் பாவை சுருங்கும். இது நிமிடக் கணக்கில் முற்றும். எலி மருந்தில் ஒரு வகை, ரத்தம் உறைவதைத் தடுக்கும். அதைத் தின்ற குட்டி இரண்டு மூன்று நாள் ஒன்றும் இல்லாதது போலத் திரியும். பிறகுதான் ரத்தக் கசிவு தொடங்கும். எனவே, தின்றது தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல், மருந்து டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். உப்புக் கரைசலைக் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது கூடாது. அந்த உப்பே குட்டிக்கு விஷமாகிவிடும்.

அன்றைக்குள் காட்ட வேண்டியவை

அடுத்தடுத்து இரண்டு வேளை சாப்பிடாமல் இருப்பது. ரத்தம் இல்லாவிட்டாலும் மூன்று முறைக்கு மேல் தண்ணீராகப் பேதி. காய்ச்சலோடு கண், மூக்கில் சீழ் போன்ற ஒழுக்கு, இருமல். உடம்பு முழுக்க உண்ணி அப்பி, இமை வெளுத்திருப்பது. தூங்கும்போது நிமிடத்துக்கு 40 தடவைக்கு மேல் மூச்சு விடுவது.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை

ஒரே ஒரு வாந்தி, உணவு மாறியதால் ஒன்றிரண்டு முறை இளக்கமாக மலம் போனது, லேசான சொறிச்சல். இவற்றிலும் குட்டி விளையாடிக்கொண்டு, தண்ணீரும் குடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைத்து, அரை மணி நேரத்துக்கு ஒரு முறை ஒன்றிரண்டு ஸ்பூன் வைக்கலாம். தானாக நக்கிக் குடித்தால் சரி. மாட்டுக்கு மூங்கில் குழாயில் புகட்டுவது போல வாயைப் பிளந்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். உப்பு, காரம் இல்லாமல் குழைய வடித்த சோற்றோடு வேகவைத்த கோழிக்கறியைப் பிசைந்து, நாளுக்கு நான்கைந்து முறை சிறிது சிறிதாக வைக்கலாம். வயிறு சரியாகட்டும் என்று குட்டியை நாள் முழுக்கப் பட்டினி போடக் கூடாது.

கேள்வியில் உள்ள குட்டிக்கு வருவோம். அது பால் குடித்ததை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். தாய்ப்பால் மறந்த குட்டிகள் பலவற்றுக்குப் பசும்பாலே பேதியை உண்டாக்கும். பாலை நிறுத்திவிட்டு, ஈறையும் சுறுசுறுப்பையும் பாருங்கள். அடுத்த வேளைச் சோற்றைத் தின்று விளையாடினால் வீட்டிலேயே கவனிக்கலாம். இன்னொரு முறை வாந்தி எடுத்தாலோ, அந்தச் சோற்றையும் தொடாவிட்டாலோ இன்றே கிளம்ப வேண்டும். மருந்தகம் 12 கிலோமீட்டரில் இருப்பதால், அது மூடும் நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டு அதற்குள் முடிவெடுப்பது முக்கியம். ‘மாலை வரை பார்ப்போம்’ என்பது பல நேரங்களில் ‘நாளைக் காலை’ என்று ஆகிவிடும்.

“போன மாதம் எங்கள் நாய்க்குட்டி ரத்தமாகக் கழிந்து மூன்றே நாளில் இறந்துவிட்டது. ஊசி போட்ட குட்டிதான். இப்போது வேறு குட்டி வாங்கலாமா? மாடுகளுக்கும் அந்த நோய் பரவுமா?”
– வாசகி, ஈரோடு மாவட்டம்.

வாந்தி, கடுமையான நாற்றத்துடன் ரத்தக் கழிச்சல், மூன்று நாளில் இறப்பு என்பதையெல்லாம் பார்த்தால் ‘பார்வோ’ வைரஸ் நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். 1978-ம் ஆண்டுவாக்கில் உலகின் பல நாடுகளில் நாய்களிடம் பரவத் தொடங்கிய நோய் இது. குடலின் உள்சுவரையும், நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களையும் ஒரே நேரத்தில் அழிக்கும். சிகிச்சை கொடுக்காவிட்டால் பெரும்பாலான குட்டிகள் இறந்துவிடும். தொடக்கத்திலேயே நரம்பு வழியாகத் திரவம் ஏற்றி, வாந்திக்கும் கிருமித் தொற்றுக்கும் மருந்து கொடுத்தால் பெரும்பாலானவை பிழைக்கும். முதல் நாளே போவதற்கும் மூன்றாம் நாள் போவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

மாடு, ஆடு, கோழிகளுக்கோ மனிதர்களுக்கோ இந்த நாய்ப் பார்வோ நோய் வராது. ஆனால் செருப்பு, வாளி, சாக்கு மூலமாக அடுத்த குட்டிக்குப் போகும்.

‘ஊசி போட்ட குட்டி’ என்பதில்தான் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். வெறிநோய்க்கான தடுப்பூசி பார்வோவைத் தடுக்காது. இரண்டும் வேறு வேறு. இன்னொன்று, பார்வோவுக்கு ஒரே ஒரு ஊசி போதாது. சீம்பால் மூலம் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் சில வாரங்கள் இருக்கும். அது இருக்கும் வரை தடுப்பூசி மருந்தையும் வேலை செய்யவிடாது. எந்த வாரத்தில் அது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறுபடும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு முறை, 16 வாரம் முடியும் வரை கூட்டுத் தடுப்பூசியைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாதத்தில் போட்டு, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர வேண்டும். குட்டியை வாங்கும்போதே ‘எந்தத் தேதியில், எந்த ஊசி’ என்று எழுதிய அட்டையைக் கேட்டு வாங்குவது நல்லது.

புதுக் குட்டியை உடனே அதே இடத்துக்குக் கொண்டுவர வேண்டாம். இந்த வைரஸ் மண்ணில் பல மாதங்கள், சில இடங்களில் ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கும். சாதாரண பினாயில் ஊற்றிக் கழுவினால் சாகாது. சிமென்ட் தரை, தட்டு, சங்கிலி ஆகியவற்றை முதலில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிறகு ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவலாம். மண் தரையில் இது முழுப் பலன் தராது. படுத்த சாக்கை எரித்துவிட்டு, அந்த இடத்தை வெயில் படும்படி விட வேண்டும். தடுப்பூசிகளை முழுமையாகப் போட்டு முடித்த, நான்கு மாதத்துக்கு மேற்பட்ட குட்டியை வாங்கினால் பயம் குறைவு.

“நாய்க்குட்டிக்கு உடம்பு சரியில்லை என்றால், மாட்டுக்கு வாங்கி வைத்திருக்கும் ஊசி, மாத்திரையையே அளவு குறைத்துக் கொடுக்கலாமா? உண்ணிக்கும் மாட்டு மருந்தே போதுமா?”
– வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்.

கூடாது. காரணத்தைக் கணக்காகவே பார்க்கலாம். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்து, 50 கிலோ எடைக்கு 1 மில்லி என்ற கணக்கில் தயாரிக்கப்படுகிறது. மூன்று கிலோ குட்டிக்கு அந்தக் கணக்கைப் போட்டால் 0.06 மில்லி வரும். சாதாரண சிரிஞ்சில் அதைச் சரியாக அளக்கவே முடியாது. ‘ஒரு சொட்டு கூடப் போனால் என்ன’ என்று அரை மில்லி ஏற்றினால், அது எட்டு மடங்குக்கும் அதிகம். நடுக்கம், பார்வை இழப்பு, மயக்கம் என்று போய்விடும். நாய் இனங்கள் சிலவற்றுக்கு இந்த மருந்து குறைந்த அளவிலேயே ஒத்துக்கொள்ளாது.

மாட்டு உண்ணிக்குத் தண்ணீரில் கலந்து தெளிக்கும் மருந்துகளும் அப்படித்தான். குட்டி தன் உடம்பை நக்கும். தோல் வழியாகவும் வாய் வழியாகவும் மருந்து உள்ளே போகும். குட்டியின் வயதுக்கும் எடைக்கும் ஏற்ற உண்ணி மருந்துகள் தனியாக உள்ளன. மருத்துவர் சொல்லும் மருந்தை மட்டும் பயன்படுத்த வேண்டும். அதுவரை உண்ணியைக் கையுறை போட்டு, தோலுக்கு அருகே பிடித்து, நேராக இழுத்து எடுக்கலாம்.

மனிதர்களுக்கான மாத்திரைகளும் வேண்டாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், வலிக்கு ஐபுபுரூஃபன், டைக்ளோபினாக் என்று கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இவை நாயின் கல்லீரல், குடல், சிறுநீரகத்தைப் பாதிக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. மாத்திரையால் காய்ச்சல் தற்காலிகமாக இறங்கிவிடும். குட்டி தெளிந்துவிட்டது என்று நினைத்து அந்த ஒரு நாளை இழந்துவிடுவோம்.

வீட்டில் தவறாமல் செய்ய வேண்டியது குடற்புழு நீக்கம். பிறந்த இரண்டாவது வாரத்தில் தொடங்கி எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை கொடுக்க வேண்டும். வயிறு மட்டும் பானை போல உப்பி, முடி மங்கி, சேமியா போன்ற புழு வாந்தியிலோ மலத்திலோ வந்தால் உருண்டைப் புழு இருக்கிறது என்று பொருள். மலம் கருத்து, இமை வெளுத்தால் கொக்கிப் புழு ரத்தத்தைக் குடிக்கிறது என்று சந்தேகிக்கலாம். இந்தப் புழுக்கள் மண்ணில் விளையாடும் குழந்தைகளுக்கும் தொற்றக்கூடியவை. மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. குட்டியை ஒரு கூடையில் வைத்து, தோட்டத்துத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொண்டு போனால் மருத்துவருக்கு உதவும்.

“மூன்று மாதக் குட்டி. இன்னும் ஊசி எதுவும் போடவில்லை. இரண்டு நாளாகச் சாப்பிடாமல் வாயைத் திறந்தபடி எச்சில் வடிக்கிறது. எலும்பு மாட்டியிருக்கும் என்று வாயில் கைவிட்டுப் பார்த்தோம். நேற்று முன்தினம் பக்கத்து வீட்டுக் குழந்தையின் விரலில் லேசாகப் பல் பட்டது. தண்ணீரை நக்குகிறது. அதனால் வெறி இருக்காதுதானே?”
– வாசகர், கள்ளக்குறிச்சி மாவட்டம்.

இந்தக் கேள்விக்குப் பத்திரிகையில் பதில் வரும்வரை காத்திருக்க முடியாது என்பதால் வாசகரிடம் உடனடியாகத் தொலைபேசியில் தகவல் சொல்லப்பட்டது. மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதால் இங்கே இடம்பெறுகிறது.

இங்கே முதலில் மருத்துவரிடம் போக வேண்டியது குட்டி அல்ல. அந்தக் குழந்தையும், வாயில் கைவிட்டவர்களும்தான்.

தாடை தொங்கி, எச்சில் வடிந்து, விழுங்க முடியாமல் இருப்பது வெறிநோயின் அடையாளமாகவும் இருக்கலாம். தொண்டையில் எலும்பு சிக்கியதைப் போலவே தெரியும். இந்த இடத்தில்தான் பலர் கைவிட்டுப் பார்த்து மாட்டிக்கொள்கிறார்கள். தண்ணீரைக் கண்டு பயப்படுவது மனிதர்களிடம் தெரியும் அறிகுறி. வெறிநோய் வந்த நாய் தண்ணீரை நக்கலாம், தண்ணீருக்குள்கூட இறங்கலாம். ‘குட்டிதானே, அதற்கு எப்படி வெறி வரும்’ என்பதும் தவறு. தடுப்பூசி போடாத எந்த வயது நாய்க்கும் வரும். அறிகுறி தெரிவதற்குச் சில நாள் முன்பிருந்தே எச்சிலில் கிருமி இருக்கும்.

பல் பட்ட இடத்தையும், எச்சில் பட்ட கீறல், புண்களையும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காபித்தூள் எதையும் வைக்கக் கூடாது. கட்டும் போடக் கூடாது. உடனே ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய்த் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். ரத்தம் வந்த காயம் என்றால் அந்த இடத்திலேயே செலுத்தும் எதிர்ப்பு மருந்தும் தேவைப்படும். கடித்த நாயை 10 நாள் கவனிப்பது என்பது, ஊசியைத் தொடங்கிவிட்டுக் கவனிப்பது. ஊசி போடாமல் 10 நாள் காத்திருப்பது அல்ல. இரண்டு நாள் கடந்துவிட்டாலும், ஒரு வாரமே ஆகியிருந்தாலும் ஊசியைத் தொடங்கலாம். தொடங்கவும் வேண்டும். மனிதருக்கு அறிகுறி வந்த பிறகு காப்பாற்ற வழி இல்லை.

குட்டியைத் தொடாமல் ஓர் அறையில் அடைத்துவிட்டு, கால்நடை மருத்துவரை அங்கே வரவழைக்க முடியுமா என்று கேட்க வேண்டும். பையில் போட்டுப் பேருந்தில் கொண்டுபோகக் கூடாது. குட்டி இறந்துவிட்டால், புதைக்கும் முன்பு மருத்துவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் மூளை மாதிரியைப் பரிசோதனைக்கு எடுப்பார்கள்.

“கால்நடை மருத்துவரிடம் போகும்போது என்னென்ன கொண்டுபோக வேண்டும்? விடுமுறை நாளில் என்ன செய்வது?”
– வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்.

மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, ‘எப்போதிலிருந்து?’ என்பதுதான். கடைசியாகச் சாப்பிட்டது, வாந்தி, பேதி எத்தனை முறை, கடைசியாகச் சிறுநீர் போனது ஆகியவற்றை நேரத்தோடு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மலத்தில் கொஞ்சம் சுத்தமான டப்பாவில் எடுத்துக்கொள்ளலாம். வலிப்பு, இருமல் போன்றவை மருத்துவர் முன்னால் வராமல் போகலாம். செல்போனில் வீடியோ எடுத்துக் காட்டினால் நோயைக் கணிப்பது சுலபம். தடுப்பூசி அட்டை, ஏற்கெனவே கொடுத்த மருந்தின் உறை ஆகியவையும் தேவை. வீட்டில் எதையாவது கொடுத்திருந்தால் திட்டு விழும் என்று மறைக்க வேண்டாம்.

குட்டியை அட்டைப் பெட்டியில் சாக்கு விரித்து, காற்று அடிக்காமல் கொண்டுபோக வேண்டும். உடம்பு குளிர்ந்திருந்தால் துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலைப் பக்கத்தில் வைக்கலாம். ரத்தக் கழிச்சல் உள்ள குட்டியை மற்ற நாய்கள் நிற்கும் வரிசையில் இறக்கிவிடாமல், வெளியே வைத்துக்கொண்டு முதலில் விவரத்தைச் சொல்லுங்கள். மற்ற குட்டிகள் பிழைக்கும்.

விடுமுறை நாளுக்கான ஏற்பாட்டைக் குட்டி நன்றாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும். அருகிலுள்ள மருந்தகத்தின் வேலை நேரம், மருத்துவரின் எண், நகரத்தில் இருக்கும் தனியார் மருத்துவமனையின் எண் ஆகியவற்றை மாட்டுக்கொட்டகைச் சுவரில் எழுதி வைக்கலாம். 1962 என்ற கால்நடை உதவி எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம். சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. தஞ்சாவூர் மாவட்ட வாசகர்களுக்கு ஒரத்தநாடு பக்கம்தான்.

நடுராத்திரியில் போகவேண்டுமா, வேண்டாமா என்று சந்தேகம் வந்தால், ஈறைப் பாருங்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். ஈறு வெளுத்திருந்தாலோ, கூப்பிட்டும் எழவில்லை என்றாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.